நாயின் கொக்கிப்புழு எந்த இனம்? பிசிஆர் மூலம் கண்டறியும் முறை

நாயின் மலத்தை மைக்ரோஸ்கோப்பில் பார்த்தால் கொக்கிப்புழு முட்டை இருக்கிறதா என்று தெரிந்துவிடும். எந்த இனம் என்று தெரியாது; முட்டைகள் எல்லாம் ஒரே சாயல். ஆங்கைலோஸ்டோமா கேனைனம் பெரும்பாலும் நாயோடு நின்றுவிடும். இலங்கையில் கிடைத்த மாதிரியிலிருந்து 1911இல் விவரிக்கப்பட்ட ஆங்கைலோஸ்டோமா சிலானிக்கமோ மனிதக் குடலிலும் வளர்ந்து முட்டையிடும். நாய்க்குப் புழுமருந்து கொடுப்பது மட்டுமே நோக்கம் என்றால் டிஎன்ஏவின் ஒரு பகுதியைப் பல மடங்கு பெருக்கி இனம் காணும் இந்தப் பிசிஆர் சோதனை வேண்டியதில்லை. வீட்டாருக்கும் தொற்றுமா என்பதுதான் கேள்வி என்றால், மேலே படியுங்கள்.

படி 1: கையுறை போட்டு, அப்போதுதான் போட்ட மலத்தில் மண் படாத பகுதியை எடுங்கள். மண்ணில் வேறு புழுக்கள் உண்டு. வெளியே வைத்தால் ஓரிரு நாளில் முட்டை பொரிந்துவிடும். உறையவைக்கலாம், எத்தனாலிலும் போடலாம். ஃபார்மலின் மட்டும் கூடாது, டிஎன்ஏ சிதையும்.

படி 2: அடர்த்தி 1.2 உள்ள உப்புக் கரைசலில் கலக்கினால் முட்டைகள் மிதக்கும். மேலாக எடுத்து, உப்புப் போகக் கழுவுங்கள்.

படி 3: புதியவர்கள் சறுக்குவது இங்கேதான். முட்டை ஓடு உடையாவிட்டால் டிஎன்ஏ வெளியே வராது. உறையவைத்து உருக்குவதைச் சில முறை செய்து, நுண்மணிகளோடு வேகமாகக் குலுக்கி, புரதத்தைச் சிதைக்கும் புரோட்டினேஸ் கே என்ற நொதியைச் சேர்த்து 56 டிகிரி செல்சியஸில் வையுங்கள். பிறகு மலத்துக்கென்றே விற்கும் கிட்டில் டிஎன்ஏவைப் பிரியுங்கள். மலத்திலுள்ள பித்த உப்பும் தாவரச் சர்க்கரைகளும் பிசிஆரை முடக்கும். பிசிஆர் முடிந்தபின் ஜெல்லில் பட்டை (பெருகிய டிஎன்ஏ காட்டும் கோடு) வரவில்லையா? டிஎன்ஏவைப் பத்து மடங்கு நீர்த்து மறுபடி ஓட்டுங்கள். குறைத்துப் போட்டால் பட்டை வருவது விந்தைதான், ஆனால் கூடவே தடைப்பொருளும் குறைகிறதே!

படி 4: ரைபோசோம் ஜீன்களுக்கு இடைப்பட்ட ஐடிஎஸ் பகுதியைப் பெருக்குங்கள், இனங்களுக்கிடையே அது போதிய அளவு மாறுபடும். 94 டிகிரியில் டிஎன்ஏ இழைகளைப் பிரித்தல், பிரைமருக்கு (பெருக்கவேண்டிய பகுதியின் ஓரத்தில் ஒட்டும் சிறு டிஎன்ஏ துண்டு) ஏற்ற வெப்பத்தில் ஒட்டுதல், 72இல் புது இழையை நீட்டல். 35 சுழற்சி போதும். வெறும் நீர் போட்ட குழாயும், இனம் தெரிந்த டிஎன்ஏ போட்ட குழாயும் கூடவே ஓடவேண்டும். நீரில் பட்டை வந்தால் அன்றைய முடிவு மொத்தமும் குப்பைக்கு.

படி 5: அகரோஸ் ஜெல்லில் பட்டையைப் பார்த்து, சீக்வென்சிங்குக்கு (டிஎன்ஏ எழுத்து வரிசையைப் படிப்பதற்கு) அனுப்பி, வந்த வரிசையை ஜென்பேங்க் என்ற பொது டிஎன்ஏ தரவுத்தளத்தில் பிளாஸ்ட் என்ற தேடல் கருவியால் ஒப்பிடுங்கள். முதலில் வரும் பெயரை அப்படியே எழுதிவிடாதீர்கள். ஒப்புமைச் சதவீதத்தோடு, வரிசையின் எவ்வளவு நீளம் பொருந்துகிறது என்றும் பாருங்கள். சீக்வென்சிங் வரைபடத்தில் ஒரே இடத்தில் இரட்டை முகடுகள் தெரிந்தால் இரண்டு இனம் கலந்திருக்கலாம்.

இன்னொன்று: மற்ற விலங்குகளின் மலத்தைத் தின்னும் நாயின் குடலில் அந்நியப் புழுமுட்டை சும்மா கடந்துபோகும். ஐயம் வந்தால் நாயைச் சில நாள் கட்டிவைத்து, புது மாதிரி எடுத்துப் பாருங்கள்.