தலைக்கு எண்ணெய் வைக்காமல் அழைத்து வாருங்கள்

சேலத்தில் 22 ஆண்டுகளாக இ.இ.ஜி., அதாவது மூளையின் மின்னலைப் பதிவு, எடுத்து வருகிறேன். ஞாபகமறதி என்று பெரியவர்களை அழைத்து வருபவர்கள் இப்போதெல்லாம் "அந்தக் கலர் படம் எடுங்கள்" என்கிறார்கள். அது வேறு இயந்திரம் அல்ல. அதே இ.இ.ஜி. பதிவைக் கணினி ஃபூரியர் கணக்கில் போட்டு, எந்த வேகத்து அலை எவ்வளவு என்று பிரித்து, தலைப் படத்தில் நிறம் பூசிக் கொடுக்கிறது. அந்தக் கணக்கு சரியாக வருவதில் பாதி உங்கள் வீட்டில் இருக்கிறது.

முதல் நாள் ஷாம்பு போட்டுத் தலைக்குக் குளிக்க வையுங்கள். எண்ணெய், பூ, கொண்டை ஊசி எதுவும் வேண்டாம். அலையைப் பிடிக்கும் மின்முனைகள் தலையில் 19, காதுகளில் இரண்டு. ஒவ்வொன்றிலும் மின்தடை 5 கிலோ ஓமுக்குக் கீழே இறங்கும்வரை தேய்த்துத் தேய்த்து ஒட்டுவேன். எண்ணெய்த் தலையில் அது இறங்கவே இறங்காது.

சாப்பிடாமல் வர வேண்டாம்; சர்க்கரை குறைந்தாலும் அலை மந்தமாகும். காபி மட்டும் கூடாது. ஏற்காட்டுக் காபித் தோட்டத்துக்காரரிடம் இதைச் சொல்லும் சங்கடம் எனக்குத்தான் தெரியும்.

தூக்கம்தான் பெரிய விஷயம். வலிப்புக்கு எடுக்கும்போது தூக்கத்தைக் குறைத்து வரச் சொல்வோம், இதற்கு நேர்மாறு. ஏற்காட்டு மலையில் நாகலூர்ப் பக்கத்திலிருந்து ஒரு தாத்தா வந்தார். இரவு தூக்க மாத்திரை, விடியற்காலை பஸ், 20 கொண்டை ஊசி வளைவுகள். படுத்ததும் கண் சொருகிவிட்டார். நானும் கூட்ட அவசரத்தில் பேச்சுக் கொடுக்கவில்லை. படம் முழுக்கத் தீட்டா, அதாவது தூக்கம் சொக்கும்போதும் வரும் மந்த அலை. மகன் முகம் வாடிவிட்டது. மருத்துவர் அலைகளையே பார்த்துவிட்டு, மறுபடி எடுக்கச் சொன்னார். அடுத்த வாரம் இங்கே சேலம் அஸ்தம்பட்டியில் மகள் வீட்டில் தங்கித் தூங்கி வந்தார். பின்மண்டையில் அழகான 9 ஹெர்ட்ஸ், அதாவது நொடிக்கு 9 அலை. மலையிலிருந்து வருபவர்களை முதல் நாளே இறங்கிவிடச் சொல்வது அதன்பிறகுதான். மாத்திரைகளை நீங்களாக நிறுத்தாதீர்கள்; சீட்டை எடுத்து வந்து காட்டுங்கள்.

அறிக்கை கையில் வந்ததும் எல்லோரும் சிவப்பைத் தேடுகிறார்கள். அதை விட்டுவிட்டு, விழித்த நிலையில் கண் மூடியிருக்கும்போது பின்மண்டையில் ஓடும் தாளம் எத்தனை ஹெர்ட்ஸ் என்று பாருங்கள். ஆல்ஃபா என்கிற அந்தத் தாளம் 8 முதல் 13 வரை. முழுமையாக விழித்திருந்தும் 8-க்குக் கீழே வந்தால் மருத்துவர் கவனிப்பார். அல்சைமரில் பெரும்பாலும் முதலில் தீட்டா கூடும், ஆல்ஃபாவும் அதைவிட வேகமான பீட்டாவும் குறையும். நோய் முற்றினால் தீட்டாவைவிடவும் மந்தமான டெல்டா ஏறும். மூளைச் செல்களில் ஒரு புரதம் திரண்டு வரும் லூயி பாடி மறதி நோயில் பின்மண்டைத் தாளம் மந்தமாகி, கூடிக் குறைந்து ஊசலாடும். 2017-இல் திருத்திய நோயறி விதிகளில் இது துணைச் சான்றாக இருக்கிறது.

துணைச் சான்று மட்டுமே. தைராய்டு குறைவு, பி12 குறைவு, மாத்திரை, கிருமித்தொற்றால் வந்த திடீர்க் குழப்பம் எல்லாமே அலையை மந்தமாக்கும். ஆரம்ப அல்சைமரில் படம் சுத்தமாகவும் இருக்கலாம். அதனால் ரத்தப் பரிசோதனை, நினைவாற்றல் சோதனை, தலை ஸ்கேன் ஆகியவற்றோடு வைத்துத்தான் மருத்துவர் முடிவு சொல்வார். கலர் படத்தை மட்டும் வைத்து "மறதி நோய் உறுதி" என்று எவராவது சொன்னால், பதிவின்போது அப்பா விழித்திருந்தாரா என்று கேளுங்கள்.

பசை வெந்நீரில் போய்விடும். ஒரு துண்டு கொண்டு வாருங்கள், எடுத்து முடிந்ததும் குடிக்க பிளாஸ்கில் காபியும்.