முனையத்தில் ‘மதுரை’ சிதைந்து வந்தால்

மாட்டுத்தாவணி பூ விலைப் பட்டியலை முனையத்தில் (கட்டளை அடிக்கும் எழுத்துத் திரையில்) அச்சிடும் நிரலில் ‘மதுரை’ சிதைகிறதா? முதலில் சிதைவைப் பாருங்கள். தலையில் கோடு போட்ட ஆங்கில ‘ஏ’யும் வட்டத்துக்குள் ஆங்கில ‘ஆர்’ குறியும் மாறி மாறி வந்தால் தரவு பத்திரம். ‘மதுரை’க்கு 5 குறியீட்டுப் புள்ளிகள் (யூனிகோடில் எழுத்துக்கும் துணைக்குறிக்கும் தரும் எண்கள்), அவற்றைப் பைட்டாகச் சேமிக்கும் யுடிஎஃப்-8 முறையில் 15 பைட். அதை விண்டோஸ்-1252 என்ற பழைய மேற்கத்திய எழுத்து முறை என்று படித்ததுதான் கோளாறு. வெறும் கேள்விக்குறிகளா? எழுதும்போதே எழுத்து போய்விட்டது. மூலத்திலிருந்து மறுபடி எடுக்க வேண்டியதுதான்.

விண்டோஸ் கட்டளைச் சாளரத்தில் ‘சிஎச்சிபி 65001’ (ஆங்கில எழுத்தில்) அடித்து, சாளரத்தை யுடிஎஃப்-8க்கு மாற்றிவிட்டு நிரலை ஓட்டுங்கள். கொம்பும் காலும் பிரிந்து நின்றால் அது திரையின் குறை, கோப்பைத் தொடாதீர்கள்.

விண்டோஸில் பைத்தான் மொழி நிரல், திரையில் சரியாகக் காட்டிவிட்டு, வெளியீட்டைக் கோப்புக்குத் திருப்பியதும் பிழை சொல்லலாம். அப்போது ‘மைனஸ் எக்ஸ் யுடிஎஃப்8’ (இதுவும் ஆங்கிலத்தில், மைனஸுக்குக் குறி) தெரிவோடு இயக்குங்கள். எக்செலில் திறக்கும் சிஎஸ்வி (காற்புள்ளியால் பிரித்த அட்டவணைக் கோப்பு) என்றால் ‘யுடிஎஃப்-8-சிக்’ முறையில் எழுதுங்கள். தொடக்கத்தில் சேரும் 3 பைட் அடையாளம் இல்லாவிட்டால் எக்செல் தப்பாகப் படிக்கலாம்.