பெங்களூரில் இறங்கி மேட்டூர் அணைக்குப் போகிறவர்களுக்கு

வெளிநாட்டிலிருந்து பெங்களூர் வந்து இறங்கும் தமிழர்களைச் சொந்தக்காரர்கள் முதலில் கூட்டிப் போவது பெரும்பாலும் மைசூருக்குத்தான். அரண்மனை, சாமுண்டி மலை, சாயங்காலம் கே.ஆர்.எஸ். (கிருஷ்ணராஜ சாகர்) அணையடியில் பிருந்தாவன் தோட்டம், ராத்திரி வீடு திரும்பல். பிள்ளைகளுக்கு அது பிடிக்கும். ஆனால் தாத்தா பாட்டி காலத்தில் சேலம், திருச்சி, தஞ்சைப் பக்கத்திலிருந்து கடல் கடந்து போன குடும்பம் என்றால், ஒரு முழு நாளை மேட்டூருக்கு ஒதுக்குங்கள் என்றுதான் நான் சொல்வேன். உங்கள் பூர்வீக ஊர் வாய்க்காலில் இன்று ஓடும் தண்ணீர் அங்கிருந்துதான் கிளம்புகிறது.

தங்கும் வீட்டில் ஒரு விஷயம். அல்சூரானாலும் ஸ்ரீராமபுரமானாலும் பல வீடுகளில் காவேரி தண்ணி தனி, போர் தண்ணி தனி. காவேரி தண்ணி எந்நேரமும் வராது. வருகிற நேரத்தில் சம்ப்பில், அதாவது தரைக்கடித் தொட்டியில் பிடித்து, மோட்டார் போட்டு மாடித் தொட்டிக்கு ஏற்றிக்கொள்வார்கள். மண்டியா மாவட்டத்துத் தொரெகாடனஹள்ளியிலிருந்து சுமார் 100 கி.மீ. குழாயில், ஏறத்தாழ 500 மீட்டர் உயரத்துக்குப் பம்ப் செய்யப்பட்டு அது வருகிறது. முதல் கட்டம் 1974-ல் வந்தது. ஐந்தாம் கட்டம் 2024 அக்டோபரில்தான் திறக்கப்பட்டது. ஷவரில் அரைமணி நேரம் நிற்கும் பழக்கம் இருந்தால் இங்கே வேண்டாம். அத்தை வாய்விட்டுச் சொல்ல மாட்டார், ஆனால் சம்ப் காலியானால் வாட்டர் டேங்கருக்குக் காசு கொடுப்பது அவர்தான்.

அடுத்து, எப்போது போவது? இதைச் சரியாகத் தேர்ந்தெடுத்தால் பாதி வேலை முடிந்தது. மேட்டூருக்குத் தண்ணீர் குடகு மலையிலும் கேரளத்து வயநாட்டிலும் பெய்யும் தென்மேற்குப் பருவமழையிலிருந்து வருகிறது. அங்கே மழை கொட்டி, கே.ஆர்.எஸ்., கபினி அணைகள் நிரம்பிய பிறகே மேட்டூரில் வெள்ளம். அதனால் ஜூலை, ஆகஸ்ட் விடுமுறையில் வருகிறவர்கள் பாக்கியசாலிகள். தமிழ்ப் பத்திரிகைகளில் தினமும் மேட்டூர் நிலவரம் வரும். நீர்மட்டம் என்றால் அடிக்கணக்கு, முழு அளவு 120 அடி. நீர்வரத்தும் நீர்திறப்பும் விநாடிக்கு எத்தனை கனஅடி என்ற கணக்கு. நீர்திறப்பு 20,000 கனஅடியை நன்றாகத் தாண்டியிருந்தால், மின் நிலையங்கள் வழியாகப் போவது போக மிச்சத்தை 16 கண் மதகில் விடுகிறார்கள் என்று பொருள். அந்தச் செய்தியைப் பார்த்தால் அன்றைக்கே வண்டியைப் பேசிவிடுங்கள். பதினாறு கதவிலும் தண்ணீர் நுரைத்துக்கொண்டு விழும்போது பேச்சுக்குரல் கேட்காது, தூரத்தில் நின்றாலும் சட்டை ஈரமாகும். 2025-ல் ஜூன் மாதமே அணை நிரம்பிவிட்டது. எல்லா வருடமும் அப்படி அமையாது.

டெல்டா பாசனத்துக்கு அணை திறக்கும் வழக்கமான தேதி ஜூன் 12. மூன்று நான்கு நாளில் தண்ணீர் கல்லணையை எட்டும். ஜனவரி 28 வரை பாசனத்துக்கு விடுவார்கள். பாசனத்துக்கு விடும் அந்தத் தண்ணீரே மின் நிலையத்துச் சுழலிகளையும் சுற்றிவிட்டுப் போகிறது. அணை மின் நிலையமும் சுரங்க மின் நிலையமும் சேர்ந்து 250 மெகாவாட். பிப்ரவரிக்குப் பிறகு குடிநீருக்கு மட்டுமே கொஞ்சம் திறப்பார்கள் என்பதால் மின்சாரமும் சுருங்கிவிடும். தூரத்தில் தெரியும் உயரமான புகைபோக்கிகளைப் பார்த்து அதுதான் அணை மின்சாரம் என்று நினைத்துவிடாதீர்கள், அது நிலக்கரியில் ஓடும் அனல் மின் நிலையம்.

அதற்காகக் கோடையில் போகவே கூடாது என்றில்லை. நீர்மட்டம் நன்றாக இறங்கும் வருடங்களில் பண்ணவாடிப் பக்கம் தேவாலயக் கோபுரமும், ஜலகண்டேஸ்வரர் கோயில் நந்தியும் வெளியே தெரியும். 1934-ல் அணை திறந்தபோது நீருக்குள் போன ஊர்களின் மிச்சம் அவை. அங்கே குடியிருந்தவர்கள் வீடு, வயல், கோயில் எல்லாவற்றையும் விட்டுவிட்டுக் கிளம்பியவர்கள். ஊரை விட்டு வந்த வலி தெரிந்தவர்கள் அந்த நந்தி முன்னால் கொஞ்ச நேரம் நிற்க வேண்டும்.

பெங்களூரிலிருந்து ஓசூர், கிருஷ்ணகிரி, தர்மபுரி, தொப்பூர், மேச்சேரி வழியாக ஏறத்தாழ 200 கி.மீ. காலை ஐந்தரைக்குள் கிளம்பினால் சில்க் போர்டு, எலக்ட்ரானிக் சிட்டி நெரிசலில் மாட்டாமல் தப்பலாம். வாடகை வண்டி என்றால் டோல், மாநில எல்லை வரி, டிரைவர் பேட்டா எல்லாம் யார் பொறுப்பு என்று முதலிலேயே பேசி முடியுங்கள். தொப்பூர் கணவாயில் லாரிகள் அதிகம், விபத்தும் அதிகம்; அதை வெளிச்சத்தில் கடப்பதுபோல் நேரத்தை அமைத்துக்கொள்ளுங்கள். பஸ்ஸில் போகிறவர்கள் சேலம் போய் மேட்டூர் வண்டி பிடிப்பது சுலபம்.

மேட்டூரில் அணை மேல் நடக்க விட மாட்டார்கள். பூங்காவிலிருந்தும் பவளவிழா கோபுரத்திலிருந்தும் பார்க்கலாம். வெளிநாட்டு ட்ரோன்களை இந்தியாவுக்குள் கொண்டுவர 2022 முதல் தடை. அதைப் பெட்டியில் எடுத்தே வராதீர்கள். அணைக்கட்டு முனியப்பனைக் கும்பிட்டுவிட்டுச் சாப்பிடப் போங்கள். மசாலா தடவி அடுக்கி வைத்திருக்கும் மீனை நீங்கள் காட்டினால், கண்முன்னே கல்லில் போட்டுப் பொரித்துக் கொடுப்பார்கள். அணையில் பிடித்த மீன்தானா என்று கேட்டு வாங்குங்கள். இந்திய எண் இல்லாதவர்கள் ஜிபேயை நம்ப வேண்டாம், சில்லறை வைத்துக்கொள்ளுங்கள். ஆடிப் பதினெட்டு அன்று போவதானால் கூட்டத்துக்குத் தயாராக இருங்கள். குடும்பம் குடும்பமாக வந்து குளித்து, புதுத்தாலிக் கயிறு மாற்றி, கிடா வெட்டிச் சமைத்துச் சாப்பிடும் நாள் அது. ஆற்றில் இறங்கும்போது காவல்துறை காட்டும் படித்துறையை விட்டு நகராதீர்கள். மேலே திறப்பைக் கூட்டினால் கீழே சீக்கிரமே மட்டம் ஏறும்.

மழை பொய்த்த வருடம் என்றால் ஆகஸ்ட், செப்டம்பரில் இன்னொன்றையும் யோசிக்க வேண்டும். காவிரிப் பிரச்சினை சூடாகும் மாதங்கள் அவை. 2016 செப்டம்பரில் பெங்களூரில் தமிழ்நாட்டுப் பதிவெண் பஸ்கள் எரிக்கப்பட்டதை இங்குள்ள தமிழர்கள் மறக்கவில்லை. பந்த் அறிவித்திருந்தால் பயணத்தை இரண்டு நாள் தள்ளிப் போடுங்கள், டீக்கடையில் யாருக்கு எத்தனை டிஎம்சி (ஒரு டிஎம்சி என்றால் நூறு கோடி கனஅடி) தண்ணீர் என்ற கணக்கு பேசாதீர்கள். மற்ற நாட்களில் பயப்பட ஒன்றுமில்லை. 1924-ல் மைசூரும் சென்னை மாகாணமும் செய்த ஒப்பந்தத்தில்தான் கே.ஆர்.எஸ்., மேட்டூர் இரண்டுக்கும் வழி பிறந்தது. கே.ஆர்.எஸ். கொள்ளளவு 49.45 டிஎம்சி, மேட்டூர் கொள்ளளவு 93.47 டிஎம்சி.

கோலார் தங்கவயல் குடும்பத்துப் பிள்ளைகள் இன்னொரு நாள் கர்நாடகத்தில் காவிரி அருவியாக விழும் சிவனசமுத்திரமும் போய் வரலாம். 1902-ல் அங்கே உற்பத்தியான மின்சாரம் சுமார் 150 கி.மீ. கம்பியில் போனது உங்கள் முன்னோர் வேலை செய்த சுரங்கங்களுக்குத்தான்.

பூர்வீகம் தஞ்சைப் பக்கம் என்றால் மேட்டூரிலிருந்து பெங்களூருக்குத் திரும்பி வர வேண்டாம். அன்றிரவு சேலத்தில் தங்கி, காலையில் நாமக்கல், திருச்சி வழியாகக் கிளம்பினால் மத்தியானத்துக்குள் கல்லணை. பெங்களூர் வண்டியைச் சேலத்தோடு அனுப்பிவிட்டு அங்கே வேறு வண்டி பிடித்தால் செலவும் குறையும்.