பழைய குத்துவிளக்கையும் பாத்திரத்தையும் துலக்குவதற்கு முன் படித்தறிவது எப்படி?

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் தமிழர் வீட்டுப் பூசையறையில் நிற்கும் பழைய குத்துவிளக்கைப் பற்றியோ, பரணில் கிடக்கும் அண்டாவைப் பற்றியோ கேட்டால், "பாட்டனார் கப்பலில் கொண்டு வந்தது" என்ற மறுமொழியே பெரும்பாலும் கிடைக்கும். 1860 நவம்பர் 16 அன்று சென்னையிலிருந்து டர்பன் வந்து சேர்ந்த ட்ரூரோ கப்பல் முதல் 1911 வரை, ஏறத்தாழ 1,52,000 பேர் ஒப்பந்தத் தொழிலாளராக, டர்பன் அமைந்த நேட்டால் பகுதிக்கு வந்தனர். ஆகவே அந்த மறுமொழி சில வீடுகளில் உண்மையாக இருக்கக்கூடும். வேறு சில வீடுகளில் அதே விளக்கு பின்னாளில் வணிகர் வழியாக வந்ததாகவோ, ஊருக்குப் போனவர் வாங்கி வந்ததாகவோ இருக்கலாம். எது எப்படி என்பதைப் பொருளின் உலோகமும் செய்முறையும் ஓரளவு சொல்லிவிடும். அவற்றைக் கேட்டறியும் முறையை இங்கே எழுதுகிறேன்.

முதலில் செய்ய வேண்டியது, துலக்காமல் இருப்பது. எங்கள் பாட்டியின் செம்பைப் பளபளப்பாக்கித் தருமாறு ஒரு மெருகுப் பட்டறையில் கொடுத்தேன். திரும்பி வந்தபோது, கழுத்துக்குக் கீழே புள்ளி புள்ளியாக வெட்டப்பட்டிருந்த பெயரில் முதலெழுத்தும் கடைசி எழுத்துமே மிஞ்சியிருந்தன. நடுவில் இருந்தவை முழுவதும் தேய்ந்து போயிருந்தன. பாத்திரம் வாங்கும்போதே பெயர் வெட்டித் தருவது நம் ஊர்க் கடைகளின் வழக்கம் என்பதால், உங்கள் வீட்டுப் பாத்திரத்திலும் அது இருக்க வாய்ப்புண்டு. அறையை இருட்டாக்கி, டார்ச் விளக்கைப் பக்கவாட்டில் தாழப் பிடித்து, பாத்திரத்தை மெல்லச் சுழற்றிப் பாருங்கள். நேர் வெளிச்சத்தில் தெரியாத புள்ளிகள் நிழல் விழுந்து தெளியும். பின்பு மெல்லிய தாளை ஒட்டி வைத்துப் பென்சிலால் இலேசாகத் தேய்த்துப் படியெடுத்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது உலோகத்தை அறிதல். காந்தம் ஒட்டினால் உள்ளே இரும்பிருக்கிறது, மேலே பூச்சு மட்டுமே. ஒட்டாவிட்டால் ஒலியைக் கேட்க வேண்டும்: பாத்திரத்தைக் கயிற்றில் தொங்கவிட்டு மரக்கரண்டியின் காம்பால் தட்டினால், வெள்ளீயம் மிகுந்த வெண்கலம் மணிபோல் நெடுநேரம் அதிரும், பித்தளையின் ஒலி விரைவில் அடங்கிவிடும். செம்போடு வெள்ளீயம் சேர்ந்தது வெண்கலம். துத்தநாகம் சேர்ந்தது பித்தளை. வெள்ளீயம் மிகுந்த வெண்கலக் கலங்கள் ஆதிச்சநல்லூர் அகழாய்விலேயே கிடைத்துள்ளன. பித்தளை எளிதில் கைவராததற்குக் காரணம் உண்டு. துத்தநாகம் 907 பாகை செல்சியசிலேயே கொதித்து ஆவியாகிவிடும். அதன் தாதுவை உருக்கும் உலையின் சூடோ அதற்கும் மேலே போகும். அந்த ஆவியைக் குளிர்வித்து உலோகமாகப் பிடிக்கும் கலையை இராசத்தானத்துச் சாவரில் பெருமளவில் நடத்திக் காட்டினார்கள். நாம் வந்து சேர்ந்த இந்த மண்ணும் உலோகக் கலை அறியாத மண் அன்று. ஐரோப்பியர் வருவதற்கு முன்னரே பலபோர்வாவில் செம்பும் இரும்பும் உருக்கப்பட்டன. லிம்போப்போவின் ரூயிபெர்க்கில் வெள்ளீயம் தோண்டப்பட்டது.

இனிச் செய்முறை. விளக்கைத் தலைகீழாகத் திருப்பி அடிப்பாகத்தைப் பாருங்கள். கும்பகோணத்தை அடுத்த நாச்சியார்கோயிலில் காவிரி வண்டல் மண்ணில் அச்சுப் பதித்து, உருகிய பித்தளையை வார்த்து, ஆறியபின் கடைசல் பிடிப்பார்கள். அடி, தண்டு, எண்ணெய்த் தட்டு, உச்சியில் அன்னம் எனத் தனித்தனியாக வார்த்து, மரையிட்டுத் திருகிச் சேர்ப்பார்கள். ஆகவே அடியின் உட்புறத்தில் மண் படிந்த சொரசொரப்பும், வெளியே கடைசலின் மெல்லிய வட்டக் கோடுகளும், இரண்டு அச்சுகள் கூடிய இடத்தில் ஒரு நீளக் கோடும் தென்படலாம். சுவாமிமலைச் சிலைகள் அப்படியல்ல. மெழுகால் உருச் செய்து, மண் பூசி, மெழுகை உருக்கி வெளியேற்றி, அந்த இடத்தில் உலோகத்தை ஊற்றி, மண்ணை உடைத்து எடுப்பதால் அச்சுக் கோடு இராது. அதே அச்சில் இன்னொன்று வார்க்கவும் முடியாது. குடம், அண்டா போன்றவை தகட்டில் அடித்தவை. பழையவற்றில் இரு துண்டுகளைப் பல் பல்லாகக் கோத்துப் பற்றவைத்த கோடு உட்பக்கம் தெரியும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஐரோப்பியப் பித்தளைத் தகடு இந்தியாவில் மிகுதியாக இறங்கியதால், தகடு வெளிநாட்டதாகவும் கைவேலை நம் பாத்திரத் தொழிலாளரான கன்னாருடையதாகவும் இருப்பது இயல்பே.

காலத்தை அறிய எளிய எல்லைகள் உள்ளன. சென்னைக் கலைத்தொழிற் பள்ளியில் ஆல்பிரட் சாட்டர்டன் 1898இல் அலுமினியப் பாத்திரத் தொழிலைத் தொடங்கினார். எனவே அலுமினியப் பாத்திரம் ட்ரூரோவில் வந்திருக்க முடியாது. எவர்சில்வர் அதற்கும் பிந்தியது. மேலும், தென்னாப்பிரிக்காவுடனான வணிகத்தை இந்தியா 1946இல் நிறுத்தி, 1993 வரை அந்தத் தடையை நீட்டித்தது. அந்த ஆண்டுகளில் கடையில் புதிதாக வாங்கியதாகச் சொல்லப்படும் இந்திய விளக்கு எந்த வழியாக வந்தது என்று வீட்டுப் பெரியவர்களைக் கட்டாயம் கேளுங்கள்.

இவ்வளவும் குறித்துக்கொண்ட பிறகே துலக்கலாம். புளியை நீரில் கரைத்து, மென்மையான துணியால் சில நிமிடங்கள் மட்டும் தேய்த்து, நன்கு கழுவி, ஈரமின்றித் துடைத்து வெயிலில் வைத்தால் போதும். அமோனியா கலந்த துப்புரவு நீர்மத்தைத் தகட்டில் அடித்த பித்தளைப் பாத்திரத்தின் அருகிலும் கொண்டு போகாதீர்கள்; அது அழுத்தமேறிய தகட்டில் விரிசல் விழச் செய்யும். டர்பனின் உப்புக் காற்றில் பித்தளை மேல் செம்பு நிறத் திட்டுகள் தோன்றினால், அங்கே துத்தநாகம் கரைந்து வெளியேறியிருக்கிறது என்று பொருள். தேய்ப்பதால் அது திரும்பாது. அதில் சமைக்க விரும்பினால் உட்புறம் ஈயம் பூச வேண்டும். 232 பாகை செல்சியசில் உருகும் வெள்ளீயத்தை, பூச்சு ஒட்ட உதவும் நவச்சார உப்போடு பூசுகிறார்களா என்று நின்று கவனியுங்கள். காரீயம் நஞ்சு, அதைக் கலக்க விடக்கூடாது.

பெயர் படிக்கக் கிடைத்தால், அதை ஒப்பந்தக் காலக் கப்பல் பட்டியல்களோடு ஒப்பிடுங்கள். அவற்றில் எண், பெயர், தந்தை பெயர், வயது, ஊர் ஆகியவை பதிவாகியுள்ளன. ஆங்கில எழுத்தில் நம் பெயர்கள் பலவாறு திரிந்திருப்பதால், ஒலியைக் கொண்டே தேட வேண்டும். எங்கள் செம்பில் மிஞ்சியவை 'மு', 'ள்' என்ற இரண்டு எழுத்துகள். முனியம்மாளா, முத்தம்மாளா, முருகம்மாளா என்று, ஊர்ப்பெயரைத் துணைக்கு வைத்துக்கொண்டு, ஒவ்வொரு கப்பலாக இன்னும் பார்த்து வருகிறேன்.