'உயிரா, பொருளாதாரமா' கட்டுரையில பசங்க பண்ற தப்புங்க

கொரோனா காலத்துல லாக்டவுன் போட்டு உயிரக் காப்பாத்துறதா, இல்ல பொருளாதாரத்தக் காப்பாத்துறதான்னு கேக்குற கட்டுரை, இந்த வாரமும் ஒரு கட்டு பேப்பர் திருத்தினேன். குரூப் 1 மெயின்ஸுக்கு ரெடியாகுற பசங்க, நல்லா படிக்கிறவங்கதான், ஆனா 2020ல நான் பண்ணின அதே தப்ப அச்சுப் பிசகாம பண்ணி வெச்சிருக்காங்க. எழுத்துப்பிழை, நீட்டி முழக்குற முன்னுரை எல்லாம் நீங்களே பாத்துக்குவீங்க, அத விடுங்க.

சரிவு முழுக்க லாக்டவுன் கணக்குல

ஏப்ரல்-ஜூன்ல ஜிடிபி 23.9% விழுந்துச்சுன்னு 2020 ஆகஸ்ட் கடைசில முதல் கணக்கு வந்துச்சா, உடனே "லாக்டவுனால 23.9% நஷ்டம்"னு மாடல் ஆன்சர் டைப் பண்ணி வாட்ஸ்அப் குரூப்ல தட்டிவிட்டேன். ஒரு பையன்கிட்ட இருந்து வாய்ஸ் நோட்: "சார், எங்கப்பா சலூன் திறந்து மூணு மாசமாச்சு, பயந்துக்கிட்டு ஒருத்தரும் வர மாட்டேங்குறாங்க. இது எந்தக் கணக்குல சார் வரும்?"

பதில் இல்ல என்கிட்ட. அப்புறம்தான் சிகாகோ பல்கலைக்கழகத்து கூல்ஸ்பி, சைவர்சன் ரெண்டு பேரோட ஆய்வைப் படிச்சேன். செல்போன் டேட்டாவ வெச்சு, இல்லினாய்ஸ்ல வீட்டடங்கு உத்தரவு, ஒட்டி இருக்குற அயோவா பக்கம் உத்தரவு இல்ல, இப்படி எல்லையோரக் கடைங்கள ஒப்பிட்டுப் பாத்திருக்காங்க. அமெரிக்காவுல கடைக்கு வர்ற கூட்டம் மொத்தமா 60% குறைஞ்சதுல, அரசாங்க உத்தரவால குறைஞ்சது வெறும் 7 சதவீதப் புள்ளிதான். மீதிக்குப் பெரிய காரணம் பயம், ஜனங்க தானாவே வீட்டுல உக்காந்துட்டாங்க.

இத விட்டுட்டு எழுதினா தீர்வும் தப்பாப் போயிடும், "ஊரத் திறந்துட்டா வளர்ச்சி தானா வரும்"னு முடிச்சிடுவீங்க. தொத்து அடங்காம திறந்தா சலூன்காரர் சும்மாதான் உக்காந்திருப்பார். அதுக்காக அந்த 7ஐ அப்படியே இந்தியாவுக்கு ஒட்டிடாதீங்க. இங்க மார்ச் 24 ராத்திரி 8 மணிக்கு சொல்லி 12 மணிக்கு மூடினாங்க, தினக்கூலிக்குப் போறவனுக்கு வீட்டுல இருக்கவா வேணாமான்னு யோசிக்கவே வாய்ப்பில்ல. உத்தரவோட அடி இங்க ரொம்பப் பெருசு. ரெண்டையும் பிரிச்சு எழுதுங்கன்னுதான் சொல்றேன். என் பழைய பிடிஎஃப் வேற இன்னும் சுத்திக்கிட்டு இருக்கு, பேப்பர்ல அந்த வரியப் பாத்தாலே எரிச்சலா வருது.

தராசு படம்

ஒரு தட்டுல உயிர், இன்னொரு தட்டுல பொருளாதாரம்னு வரையாதீங்க.

ஸ்வீடன்

கடுமையான லாக்டவுன் போடாத நாடுன்னு எல்லாரும் உதாரணம் காட்டுறாங்க. 2020ல அதோட பொருளாதாரச் சரிவு கிட்டத்தட்ட டென்மார்க் அளவுக்குத்தான், சாவு மட்டும் பல மடங்கு. பக்கத்து நாட்ட வெச்சுப் பாக்காம ஸ்வீடன் பேர எடுக்காதீங்க.

20 லட்சம் கோடி

2020 மே மாசம் மத்திய அரசு அறிவிச்ச கொரோனா நிவாரணத் தொகுப்பு இது. எல்லாமே அரசு செலவு இல்ல. கடன், கடன் உத்தரவாதம், ரிசர்வ் வங்கி விட்ட பணம் எல்லாம் சேத்த தொகை.

அறிவிக்குற நேரம்

ஊரடங்க எப்போ, எப்படி அறிவிக்குறாங்கங்கறத ஒருத்தரும் எழுதல. 2020 ஏப்ரல் 26ல இருந்து சென்னையில நாலு நாள் முழு ஊரடங்குன்னு 24ஆம் தேதி சொன்னாங்க. மறுநாள் கோயம்பேட்டுல கால் வைக்க இடமில்ல. கொஞ்ச நாள்ல அதுவே பெரிய கிளஸ்டர் (ஒரே இடத்துல இருந்து நிறைய பேருக்குத் தொத்து) ஆகி, மே 5ல மார்க்கெட்ட மூடி, காய்கறிக் கடைங்கள திருமழிசைக்கு மாத்த வேண்டியதாச்சு. அன்னைக்கு ரெண்டு கிலோ வெங்காயத்துக்காக முண்டியடிச்ச கூட்டத்துல நானும் ஒருத்தன்.