ஓடை வண்டல் மாதிரி எடுக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

நீலகிரியில் பந்தலூர், தேவாலா பக்கத்து ஓடைகளில், மேலேயுள்ள பாறைகளில் செம்பு, துத்தநாகம், தங்கம் இருக்கிறதா என்று அறிய வண்டல் எடுக்கப் புதிதாக இறங்குபவர்களிடம், பை மேல் எண் எழுத மறக்காதீர்கள் என்று சொல்லிக்கொண்டிருக்க வேண்டியதில்லை. ஒரு நாள் வீண் அலைச்சலே அதைக் கற்றுக்கொடுத்துவிடும். ஆய்வக முடிவு கைக்கு வந்த பிறகும் கண்ணில் படாத தவறுகள்தான் ஆபத்தானவை.

கலங்கல் தண்ணீரைக் கொட்டுவது

இதைப் பார்க்கும்போதெல்லாம் இன்னமும் எரிச்சல் வருகிறது. மேலே 2 மில்லிமீட்டர் சல்லடை, அடியில் 80 மெஷ் (சுமார் 0.18 மில்லிமீட்டர் கண்) சல்லடை, அதற்கும் கீழே பிளாஸ்டிக் பேசின். குவளை குவளையாகத் தண்ணீர் ஊற்றி அலசுகிறார்கள். பேசின் நிரம்பியதும் டீ நிறத் தண்ணீரைச் சாய்த்துவிட்டு, அடியில் தங்கிய பளிச்சென்ற மணலைப் பையில் போடுகிறார்கள். செம்பும் துத்தநாகமும் பெரும்பாலும் களிமண்ணிலும் இரும்பு, மாங்கனீசு ஆக்சைடுகளிலும் ஒட்டிக்கொண்டிருப்பவை. பொடித் தங்கமும் அந்தக் கலங்கலோடு போய்விடும்.

ஒரு குழு மூன்று பேசின் கொட்டும், இன்னொரு குழு ஒரு சொட்டும் கொட்டாது. வரைபடத்தில் செம்பின் அளவு ஒரு கோட்டில் சட்டென்று உயரும். பாறை மாறுகிறது என்று நம்பி அங்கே பள்ளம் வெட்டப் போவார்கள். அந்தக் கோடு, இரண்டு குழுக்களும் வேலையைப் பிரித்துக்கொண்ட எல்லை!

இரண்டு மூன்று லிட்டர் தண்ணீர் போதும். பேசினில் விழுந்த அதே தண்ணீரைத் திரும்ப மொண்டு ஊற்றி அலசுங்கள். நிழலில் 20 நிமிடமாவது அசைக்காமல் வையுங்கள். தெளிந்த மேல் தண்ணீரை மட்டும் மெல்ல மொண்டு எடுங்கள். தெளியவில்லையா, மூடி போட்ட டப்பாவில் அப்படியே முகாமுக்குத் தூக்கி வாருங்கள். கனம்தான், ஆனாலும் தூக்குங்கள்.

கரை மண்ணை அள்ளுவது

சரிந்து விழுந்த கரை மண் அந்த இடத்தைப் பற்றி மட்டுமே சொல்லும், ஓடைக்குத் தண்ணீர் வந்து சேரும் மேலேயுள்ள நீர்ப்பிடிப்பைப் பற்றிச் சொல்லாது. நீரோட்டத்திலேயே, 20–30 மீட்டர் நீளத்துக்குள் ஐந்தாறு இடங்களில் கொஞ்சம் கொஞ்சமாக எடுங்கள். ஓடைகள் சேரும் இடத்தையும் பாலத்தையும் தாண்டி, தண்ணீர் வரும் திசையில் மேலே போய் எடுங்கள்.

தேயிலையை மறப்பது

தேயிலை இலையின் கொப்புள நோய்க்குத் தெளிக்கும் காப்பர் ஆக்சிகுளோரைடு என்ற செம்பு மருந்து மழையில் ஓடைக்கு வரும். மேலே தோட்டம் இருந்தால் குறிப்பேட்டில் எழுதுங்கள். 1880களில் தங்கத்துக்காகத் தோண்டிப்போட்ட பழைய சுரங்கக் கழிவு இருந்தாலும் அப்படியே.

பித்தளைச் சல்லடை

கூடாது. செம்பும் துத்தநாகமும் அதிலிருந்தே வரும். நைலான் வலை நல்லது.

தங்க மோதிரம்

கழற்றி வைத்துவிட்டு இறங்குங்கள்.