கவ்வாத்துக் கத்தி பட்ட காயத்தைக் கவனிப்பது எப்படி?

கவ்வாத்து வெட்டும்போது கையில் கத்தி பட்டால், தோட்டங்களில் பலரும் முதலில் தேடுவது கோப்பித்தூளையோ சுண்ணாம்பையோதான். தயவுசெய்து இரண்டையும் வைக்காதீர்கள். மண்ணும் இலைத்தூசியும் போகும்வரை ஓடும் சுத்தமான தண்ணீரில் கழுவுங்கள், அப்புறம் துவைத்த துணியை மடித்து வைத்து 10 நிமிடம் விடாமல் அழுத்துங்கள். இரத்தம் நின்றதா என்று இடையில் தூக்கிப் பார்க்கவே கூடாது.

இரத்தத்தை உறைய வைப்பது சிறுதட்டுகளின் வேலை, கிருமியைக் கொல்வது வெண்குழியங்களின் வேலை என்று பள்ளிக்கூடத்தில் பிரித்துப் படித்திருப்போம். உண்மையில் இரண்டும் அவ்வளவு தூரம் விலகியவை அல்ல. கிருமியைக் கண்ட மொனோசைட் என்ற வெண்குழியம், உறைதலைத் தொடக்கிவைக்கும் திசுக்காரணி என்ற புரதத்தைத் தன் மேற்பரப்பில் காட்டும். நியூட்ரோபில் என்ற இன்னொரு வெண்குழியம் இன்னும் ஒரு படி மேலே போய்த் தன் டிஎன்ஏயையே வலையாக வெளியே வீசும்; கிருமி அதில் சிக்கும், சிறுதட்டுகளும் அதிலேயே ஒட்டிக்கொள்ளும். இந்த வலையை விஞ்ஞானிகள் விவரித்ததே 2004இல்தான். ஆகவே காயத்தின் மேல் உறைந்திருப்பதை நகத்தால் பெயர்த்தால் அடைப்பும் போகும், காவலும் போகும்.

முதல் இரண்டு நாள் சிவப்பு, சூடு, வீக்கம், வலி இருப்பது இயல்பு. வெண்குழியங்கள் வெளியே வருவதற்காக நுண்குழாய்கள் விரிந்து கசிவதால்தான் அந்த வீக்கம். இரண்டு மூன்று நாளில் பெருவிழுங்கிகள் என்ற பெரிய வெண்குழியங்கள் வந்து இறந்த கலங்களைத் துப்புரவாக்கும், வீக்கமும் இறங்கத் தொடங்க வேண்டும். இறங்காமல் ஏறினால், சீழ் வைத்தால், காய்ச்சல் வந்தால், காயத்திலிருந்து சிவப்புக் கோடு கை மேலே ஓடினால், அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்கள், பேர் விழாது, அன்றைய சம்பளம் போய்விடும் என்று வேலைக்குப் போகாதீர்கள். சீனி வியாதிக்காரர்களுக்கு வெண்குழியங்களின் வேகம் குறைந்திருக்கலாம், அவர்கள் அதுவரைகூடக் காத்திருக்க வேண்டாம். வெட்டு ஆழமாக இருந்தாலோ, அழுத்தியும் இரத்தம் நிற்காவிட்டாலோ உடனே போக வேண்டும். ஏற்பு ஊசி எப்போது போட்டது என்பதையும் அங்கே சொல்லுங்கள்.

அட்டைக்கடி வேறு விஷயம். அட்டையின் உமிழ்நீரில் உள்ள ஹிருடின் போன்ற பொருட்கள் இரத்தம் உறைவதைத் தடுப்பதால், அட்டை விழுந்த பிறகும் சில மணி நேரம் கசியலாம், அதற்குப் பயப்பட வேண்டாம். நெருப்பு வைக்காமல், கடித்திருக்கும் வாயோரமாக நகத்தைச் செலுத்தித் தள்ளிவிட்டு, சவர்க்காரம் போட்டுக் கழுவி, துணியால் இறுக்கிக் கட்டுங்கள். அரிக்கும், ஆனால் சொறியாதீர்கள்.